மேட்டில் திணறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பெட்ரோல் ஃபில்டர் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகத் தருமபுரிக்கு ஏறும்போதும், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும்போதும், ஒரு பழைய காரின் பெட்ரோல் ஓட்டத்தில் ஒளிந்திருக்கும் குறை வெளியே வந்துவிடும். பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஏற்காட்டுக்கு ஓட்டி வரப்படும் பழைய இரண்டு இருக்கை கார்கள் போகும்போது இறக்கத்தில் சுகமாக ஓடிவிட்டு, திரும்பும்போது கிருஷ்ணகிரியில் எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். அப்படி வந்து நிற்கும் காரில் பெரும்பாலும் வழியிலேயே யாரோ ஒருவர் ஃபில்டரை மாற்றியிருப்பார். பழைய குறை அப்படியே இருக்க, பொருந்தாத புதிய ஃபில்டரால் இன்னொரு குறையும் சேர்ந்திருக்கும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் காரின் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

உங்கள் கார் எந்த வகை

எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்றவை கார்புரேட்டர் வகை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி உள்ளவை. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஹெரால்டில் கை பழகிய மூத்த மெக்கானிக் எவரும் ஸ்பிட்ஃபயரைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. இவ்வகையில் பெட்ரோலின் அழுத்தம் ஏறத்தாழ 0.2 முதல் 0.35 பார், அதாவது 3 முதல் 5 பி.எஸ்.ஐ. மட்டுமே.

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் வந்த போர்ஷே 911, மெர்சிடிஸ் 450 எஸ்.எல். போன்றவற்றில் பெரும்பாலும் கே-ஜெட்ரானிக் எனப்படும், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திர இன்ஜெக்‌ஷன் உண்டு. அதில் அழுத்தம் 5 பார் அளவில் நிற்கும். போர்ஷே 944, முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்றவை மின்னணு இன்ஜெக்‌ஷன் வகை. அவற்றில் சுமார் 2.5 முதல் 3 பார். கார்புரேட்டர் காருக்கான ஐந்து விரற்கடை பிளாஸ்டிக் ஃபில்டரை, அதைப்போல் பதினைந்து மடங்கு அழுத்தம் உள்ள கே-ஜெட்ரானிக் குழாயில் பொருத்தி, இரண்டு கிளிப்பை இறுக்கி அனுப்பியிருந்த காரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது தீப்பிடிக்காமல் வந்து சேர்ந்தது ஓட்டி வந்தவரின் நல்ல காலம்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, உலர் பொடித் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடியும் பெட்ரோலைத் தகர டின்னில் பிடியுங்கள். இன்ஜெக்‌ஷன் காரில் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பாகவே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணைந்த பிறகு இரண்டு மூன்று முறை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகும் இணைப்பைச் சுற்றித் துணியைப் போர்த்தித்தான் தளர்த்த வேண்டும்.

அறிகுறி 1: சமதளத்தில் குறை இல்லை, மேட்டில் இழுவை இல்லை

ஃபில்டர் அடைப்பின் முதல் அடையாளம் இதுதான். ஐட்லிங்கிலும் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஊருக்குள் ஓட்டும்போதும் எஞ்சினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு. பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக் கணவாயில் ஏறும்போது கேட்கிற அளவை அதனால் தர இயலாது. கார் முன்னும் பின்னுமாக உதறும்.

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று உள்ளே போகும் சிறு துளை, எங்கள் பக்கத்துக் கிரானைட் தூளாலோ பழைய பிசினாலோ அடைத்திருந்தால், டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் திணறும். கார் உதறத் தொடங்கியவுடன் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை பலமாகக் கேட்டால், குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், செலவும் இல்லை. டேங்க் நிறைந்திராதபோது மூடியைச் சற்றுத் தளர்த்தி அதே மேட்டில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தும் உறுதிசெய்யலாம்.

மூடி சரியாக இருந்தால் அடுத்தது ஃபில்டர். கார்புரேட்டர் காரின் கண்ணாடிபோன்ற ஃபில்டரில் பெட்ரோல் பாதி அளவே நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது குறை அல்ல. மேல் பாதியில் காற்றோ ஆவியோ தங்கியிருந்தாலும் ஓட்டம் சீராக இருக்க முடியும். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வடிகாகிதத்தின் நிறத்தையும், அடியில் படிந்திருக்கும் வண்டலையும்தான். ஃபில்டரை வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் உடம்புக்குக் கேடு என்பது ஒருபுறமிருக்க, நம் மூச்சுக் காற்று தாராளமாகப் போகிற ஃபில்டரிலும் முழு வேகத்தில் பெட்ரோல் போகாது என்பதால், அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. கம்ப்ரசர் காற்றைப் பின்பக்கமாகச் செலுத்தி ‘சுத்தம்’ செய்து மறுபடியும் மாட்டுவது அதைவிட மோசம். காகிதம் கிழிந்தால் அழுக்கு முழுவதும் கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டுக்குப் போய்ச் சேரும்.

உறுதியான சோதனை ஓட்டத்தை அளப்பதுதான். கார்புரேட்டர் காரில் இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குள் போகும் ஹோஸை டின்னுக்குள் விட்டு, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். இயந்திர பம்பாக இருந்தால் துடிப்புத் துடிப்பாக, குமிழி இல்லாமல், கெட்டியான தாரையாகப் பெட்ரோல் வர வேண்டும். அது நூலாக வந்து, ஃபில்டரை விலக்கிவிட்டு அதே சோதனையைச் செய்யும்போது தாரை தடித்தால் ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது. ஃபில்டரை விலக்கியும் நூலாகவே வந்தால் புது ஃபில்டர் வாங்காதீர்கள்: பம்பின் தலையில் உள்ள கம்பி வலை, பெட்ரோலில் ஊறி உள்பக்கம் உப்பிய பழைய ரப்பர் ஹோஸ், டேங்குக்குள் உள்ள வலை, கடைசியாகப் பம்பின் டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) என்ற வரிசையில் பாருங்கள்.

இன்ஜெக்‌ஷன் காரில் அழுத்த மானியைப் பொருத்தித்தான் பார்க்க வேண்டும். மின்னணு வகையில் ஐட்லிங்கில் அழுத்தம் சரியாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து மேடேறும்போது சரிந்தால் ஃபில்டரையோ பம்பையோ சந்தேகிக்கலாம். புது பம்ப் வாங்குவதற்கு முன், பம்பின் முனையில் ஓடும்போது எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், துருப்பிடித்த எர்த் இணைப்பையோ கருகிய ரிலேயையோ சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடலாம்.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்: கே-ஜெட்ரானிக் காரில் ஃபில்டரை மாற்றியும் மேட்டில் திணறல் தொடர்ந்தால், அடுத்தது எரிபொருள் பங்கீட்டுக் கருவியின் அழுத்தங்களை அளப்பதாகும். அதற்குரிய மானியும் அனுபவமும் உள்ளவரைத் தவிர வேறு யாரையும் அதைத் திருக விடாதீர்கள்.

அறிகுறி 2: அரை மணி நேரம் ஓடி நிற்கிறது, சற்று ஓய்ந்தபின் தானே ஸ்டார்ட் ஆகிறது

நின்றவுடனே, ஆறவிடாமல், ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். சூடேறினால் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் இதே நாடகத்தைத்தான் ஆடும். அதற்காக ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஸ்பார்க் இல்லையென்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கானதல்ல.

ஸ்பார்க் இருக்கிறது, மூடியும் சரி என்றால், டேங்கின் அடியில் கிடக்கும் செதில்கள் பம்பின் இழுப்பில் போய் உறிஞ்சுவாயை மூடிக்கொள்கின்றன என்று கொள்ளலாம். எஞ்சின் நின்றதும் இழுப்பு விட்டுப்போக, செதில்கள் கீழே விழுந்துவிடும். பத்து நிமிடத்தில் கார் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். வெளியில் உள்ள ஃபில்டர் இதில் நிரபராதி. டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அறிகுறி 4-ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். கார்புரேட்டர் காரில் முதலில், ஃபில்டரும் ஹோஸும் எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு அருகில் போகின்றன என்று பாருங்கள். முந்தைய ஃபில்டர் மாற்றத்தின்போது நீளமான ஹோஸை வளைத்துச் சூட்டின்மேல் போட்டிருந்தால், பெட்ரோல் அங்கேயே ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஈரத் துணியைப் பம்பின்மேல் சிறிது நேரம் போட்டு வைத்ததும் ஸ்டார்ட் ஆனால் காரணம் இதுதான். ஹோஸைச் சுருக்கி, ஃபில்டரைச் சூட்டிலிருந்து விலக்கிப் பொருத்தினால் தீர்ந்துவிடும்.

சில கார்களில் மூன்று வாய் கொண்ட ஃபில்டர் இருக்கும். மூன்றாவது வாய், ஆவியையும் மிகுந்த பெட்ரோலையும் டேங்குக்குத் திருப்பி அனுப்புவதற்கானது. கடையில் கிடைக்கவில்லை என்று இரண்டு வாய் ஃபில்டரைப் போட்டுத் திரும்பு குழாயை ஒரு போல்ட்டால் அடைத்திருந்தால், இந்த அறிகுறியை நீங்களே விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மூன்று வாய் ஃபில்டரைப் பொருத்தும்போது திரும்பு வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் காரில் எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்க வேண்டும். தங்கவில்லையென்றால் பம்பின் ஒருவழி வால்வு, அழுத்தச் சேமிப்புக் கலன், கசியும் இன்ஜெக்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இங்கே ஃபில்டருக்கு வேலை இல்லை. மானி உள்ளவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 4: புது ஃபில்டரும் சில வாரங்களில் அடைத்துக்கொள்கிறது

தருமபுரியிலிருந்து வந்த ஒருவர், “மூணு ஃபில்டர் மாத்திட்டேன் அண்ணே, நல்ல கம்பெனி ஃபில்டர்தான், மூணும் ஒரு மாசம்கூடத் தாங்கல” என்று கடையைக் குறை சொல்லிக்கொண்டே இறங்கினார். மூன்றையும் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருந்ததுதான் அவர் செய்த நல்ல காரியம். வெட்டிப் பார்த்தபோது மூன்றும் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தன.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். பெட்ரோல் வரும் பக்கத்து வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, உள்ளிருப்பதை வெள்ளைத் துணியில் வடியுங்கள். பிறகு ஓரிரு நாள் வெயிலில் முழுவதும் காயவைத்து, உலோக ஃபில்டராக இருந்தால் குழாய் வெட்டும் கட்டரால் சுற்றி வெட்டுங்கள். ஹாக்ஸா வைத்து அறுத்தால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

பழுப்புத் தூளாக இருந்து, துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்தும்போது தூளும் நகர்ந்தால், அது டேங்கின் துரு. கறுப்புத் துணுக்குகளாக, விரலில் தேய்த்தால் மையாகப் பிசுபிசுத்தால், அது உள்பக்கம் உரியும் ரப்பர் ஹோஸ். மஞ்சள் பிசினாக, பழைய வார்னிஷ் வாடை அடித்தால், ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பெட்ரோலின் மிச்சம். வெண்மையான மாவுபோல் இருந்தால், தண்ணீர் பட்டு அரித்த அலுமினிய, துத்தநாகப் பாகங்களைத் தேட வேண்டும்.

2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டு, இன்று பெட்ரோல் பங்குகளில் பரவலாகிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய கார்களில் இந்தக் குறையை விரைவுபடுத்துகிறது. டேங்கின் சுவரில் ஒட்டிக் கிடந்த பழைய பிசினை எத்தனால் கரைத்து இறக்குகிறது. அந்தக் காலத்து ரப்பரை உப்பவைக்கிறது. ஈரத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தால், காலையில் அடியில் தனி அடுக்கு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கே இது அதிகம் நேர்கிறது. வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி அணை வரைக்கும் போய் வருகிற காரில் நான் இதை அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

தீர்வின் வரிசை: முதலில் எல்லா ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். துரு குறைவாக இருந்தால், டேங்கை இறக்கிக் கழுவி, உலர்த்தி, உள்வலையைப் புதிதாகப் பொருத்தி, அடுத்த இரண்டு ஃபில்டர்கள் சீக்கிரம் அடைக்கும் என்று எதிர்பார்த்தே மலிவானவற்றைப் போடுங்கள். கார்புரேட்டர் காருக்கு மட்டுமே இந்த யோசனை பொருந்தும். துரு செதில் செதிலாக வந்தாலோ டேங்க் ஓட்டை விழுந்தாலோ ரேடியேட்டர் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். டேங்கில் ஆவி துளியும் இல்லாதபடி நீக்கிய பிறகே நெருப்பை அருகில் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் அவர்கள். காலி டேங்க்தானே என்று வீட்டில் வெல்டிங் வைப்பது வெடிகுண்டில் கை வைப்பதற்குச் சமம்.

அறிகுறி 5: ஃபில்டரை மாற்றிய பிறகு பெட்ரோல் வாடை

ஓட்டாதீர்கள். கிளிப் தளர்ந்திருக்கலாம், கிளிப்பின் பல் ஹோஸை அறுத்திருக்கலாம், கே-ஜெட்ரானிக் போன்றவற்றில் பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருக்கலாம். ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷர் மறுமுறை அதேபோல் அமராது. ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். ஃபில்டரின் அறுகோண முனையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் இறுக்காவிட்டால், குழாயே முறுக்கிக் கசியத் தொடங்கும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனால் கார்புரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் வழிகிறது என்றால், ஃபில்டர் மாற்றும்போது ஹோஸிலிருந்து உதிர்ந்த துணுக்கு, மிதவைக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் நீடில் வால்வில் சிக்கியிருக்கிறது. மிதவைக் கிண்ணத்தின் மேல் ஸ்பானரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் கிண்ணத்தைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இனி ஃபில்டரை மாற்றும்போது, கார்புரேட்டரில் இணைப்பதற்கு முன் சிறிதளவு பெட்ரோலை டின்னில் ஓடவிட்டுப் பிறகு இணையுங்கள்.

அறிகுறி 6: ஃபில்டரை மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை

பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பப் போட்டீர்களா? நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன். அடுத்து, ஃபில்டரின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் குழாயில் காற்று. பத்து வினாடி சுற்றி, அரை நிமிடம் ஓய்வு கொடுத்து, நான்கைந்து முறை முயலுங்கள்.

புது ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் காருக்கென்றே வந்த ஃபில்டர் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. கிடைக்காதபோதுதான் சிக்கல். ஓசூர் கடைகளிலும், அங்கே இல்லையென்றால் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும், பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டே போய்க் கேளுங்கள். கார் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கையை விரிப்பார். பொருளைக் காட்டினால் அலமாரியைப் பார்ப்பார்.

முதலில் அழுத்தம். இன்ஜெக்‌ஷன் காருக்கு உலோக உறை கொண்ட, இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்யப்பட்ட ஃபில்டர் மட்டுமே. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

அடுத்து மரை, அதாவது திருகும் இணைப்பின் புரி. எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான். 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரையும், பிரிட்டிஷ் கார்களில் வரும் அரை அங்குல நுண்மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். முதல் ஒன்றிரண்டு சுற்று போனதுபோலவும் இருக்கும். அதற்குமேல் பலம் கொடுத்தால் மரை அழிந்து, ஃபில்டரோடு பழைய குழாயும் போய்விடும். மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விரலால் நான்கு சுற்று தடையின்றிப் போகாத எதுவும் உங்கள் காருக்கானதல்ல.

1990-களின் இறுதிக்குப் பின் வந்த சில கார்களில் அழுத்தச் சீராக்கியும் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும். 1999-க்குப் பிந்தைய ஐந்தாம் தலைமுறை கார்வெட் அப்படித்தான். அங்கே சாதாரண ஃபில்டரைப் போட்டால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல் போகும்.

கார்புரேட்டர் காருக்கு இவ்வளவு கவலை இல்லை. ஹோஸின் உள்விட்டம் 6 மி.மீ.யா 8 மி.மீ.யா என்று அளந்து, அதே வாய் கொண்ட, மாருதி 800-இன் கார்புரேட்டர் காலத்து ஃபில்டர் அளவிலான ஒன்றைப் போடலாம். மோட்டார் சைக்கிளுக்கான குட்டி ஃபில்டர் வேண்டாம். அதன் காகிதப் பரப்பு மேடேறும் காருக்குப் போதாது. இன்ஜெக்‌ஷனுக்கான மிக நுண்ணிய ஃபில்டரை இயந்திர பம்புக்கு முன்னால் போடுவதும் தவறு. இழுக்கும் பக்கத்தில் தடை கூடினால் பெட்ரோல் எளிதில் ஆவியாகி, அறிகுறி 3 வந்து சேரும். என் வழக்கம், பம்புக்கு முன்னால் கம்பி வலை, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே காகித ஃபில்டர் என்பதாகும்.

ஹோஸின்மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். இன்ஜெக்‌ஷன் காருக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவதால் கார்புரேட்டர் காருக்கும் நான் அதையே போடுகிறேன். விலை சற்று அதிகம்தான். கிளிப்பும் விளிம்பு மழுங்கிய இன்ஜெக்‌ஷன் கிளிப்பாக இருக்கட்டும்.

பொருத்திய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஃபில்டரின் உறைமேல் மார்க்கரால் எழுதுங்கள். குறைவாக ஓடும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பயன்படாது என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு மாற்றுகிறேன். பழையதை, ஈரமில்லாமல் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போட்டுவையுங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் காட்டுவதற்கு அது வேண்டும்.